இரண்டாம் இடத்துப் பாட்டில்

செப்டம்பர் 4

சீசாவுக்கு,

ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதிக்கும் வேலையில் நீ சேர்ந்த அன்று உன் அண்ணன் வைத்த பெயர் இது. உன்னைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். வேறெப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கை அதையே எழுதிவிட்டது.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. போனில் கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அதைச் சொல்ல முடியாது.

ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர் கெட்டு ஒரு குழந்தை இறந்த பிறகு, நகர மன்றத்தில் நீ அறிக்கை படித்து ஐந்து மாதம் ஆகிறது. "மூன்றாம் இடத்தில், பாலத்தடியில், கிருமி எண்ணிக்கை இரண்டாயிரத்து நானூறு. அதற்கு மேலே உள்ள பண்ணையின் சாணக்குழித் தளத்தில் விரிசல் இருக்கிறது" என்று படித்தாய். பண்ணை யாருடையது என்று சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பாலத்துக்கு மேலே முதல் பண்ணை எங்களுடையது. மன்றத்தில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பியது. நான் கையிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த விரிசலைப் பற்றி உனக்கு யார் சொன்னது? பிப்ரவரியில் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். அவர்தான் சொன்னார். "குழியில விரல் அகலத்துக்கு விரிசல் விட்டிருக்கு. மழை நின்னதும் பூசிடுவேன். வெளிய சொல்லிடாத, என்னைப் பார்த்துத்தான் மத்தவங்க குழி கட்டினாங்க" என்றார். தங்கையிடம் சொன்னார். நீ பரிசோதகராகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாய்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மேலாற்றில் இருக்கும் பதினான்கு பண்ணைக்கும் ஏறி இறங்கியது யார்? கரையோரம் பத்தடி நிலத்தை உழாமல் விடு, வேலி போடு, மாட்டை ஆற்றில் இறக்காதே, மழை வருமென்றால் உரம் போடாதே என்று ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கேட்டது யார்? கீரைத் தோட்டக்காரர் அவரை நாயை விட்டு விரட்டினார். மறுநாளும் போனார். அப்படிச் சேர்ந்ததுதான் கரைக்குழு. சனிக்கிழமை தோறும் நகரத்து ஆட்கள் வந்து எங்களோடு வேலி கட்டினார்கள், மரம் நட்டார்கள். அதே ஆட்கள் உன் அறிக்கைக்கு மறு வாரம் எங்கள் பால் வண்டியில் சிவப்புப் பெயின்டால் 'கொலைகாரன்' என்று எழுதினார்கள்.

அவர் அதை அழிக்கவில்லை. நான்தான் அழித்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

அந்தக் குழந்தையின் அப்பா, பேருந்து ஓட்டுகிறவர், அவர் வீட்டுக்கு உன் அண்ணன் போனார். "என் குழியாலதான்" என்று வாசலில் நின்று சொன்னாராம். ஓட்டுநர் கேட்டுக்கொண்டே நின்றாராம். திட்டியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விரிசலை எப்போதோ பூசியாயிற்று. ஆனாலும் வாரம் ஒருமுறை குழியைக் காலி செய்து, உள்ளே இறங்கி, தளத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்குப் பயமே அதுதான். "அவ எண்ணு தப்பாகாது" என்கிறார். நாலு வயதுக் குழந்தையைக் கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டு ஒரு மனுஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

வந்து அவரிடம் ஏதாவது சொல். என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது. படித்தவள் நீ.

அண்ணி


செப்டம்பர் 11

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணனின் நிலை எனக்கு வருத்தமளிக்கிறது.

சில விஷயங்களைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். ஏப்ரல் வெள்ளத்தின்போது நகரத்தில் நாற்பத்தொரு பேர் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தது. காரணம் என்ன என்று நகரம் கேட்டது. பதில் சொல்வது என் வேலை. நான் ஓர் எண்ணைப் படித்தேன், யாருடைய பெயரையும் படிக்கவில்லை.

சமையலறையில் சொன்னதை அறிக்கையில் எழுதிவிட்டாள் என்கிறீர்கள். எழுதாமல் விட்டிருந்தால்? பின்னால் தெரிய வந்திருந்தால், அண்ணன் என்பதால் மறைத்தாள் என்று அதே மன்றம் என்னைக் கேட்டிருக்காதா? அப்போது நீங்கள் எனக்காக எழுந்து பேசியிருப்பீர்களா?

ஆறு வருடம் அண்ணன் மட்டும் உழைக்கவில்லை. திங்கட்கிழமை தோறும் நான்கு இடத்தில், மழையோ குளிரோ, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பாட்டில் நிரப்பியவள் நான். எல்லாப் பண்ணைகளுக்கும் மேலே முதல் இடம், உங்கள் வயலடியில் இரண்டாம் இடம், பாலத்தடியில் மூன்றாம் இடம், எங்கள் நீர்நிலையம் தண்ணீர் எடுக்கும் துறையில் நான்காம் இடம். கரைக்குழுவால் ஆறு தெளிகிறது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? என் எண்களை வைத்து. எண் நல்லதாக இருந்தவரை என்னைத் தூக்கி வைத்துக்கொண்டாடினீர்கள்.

மூன்றாம் இடத்து எண் சரியானது. இரண்டு முறை சோதித்தேன். மூன்றாம் இடத்தைப் பற்றி மட்டுமே என்னால் பேச முடியும்.

அண்ணனைப் பார்க்க வருவது இப்போது சரியாக இருக்காது. விசாரணை இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதகர்
நகர நீர்நிலையம்


செப்டம்பர் 20

நீர்ப் பரிசோதகர் அம்மையாருக்கு,

கையெழுத்தின் கீழே பதவியைப் போட்டிருந்தாய். முத்திரையும் குத்தியிருக்கலாம்.

போன வாரம் ஒரு கிடேரி வேலியைத் தாண்டிப் போய்விட்டது. இப்போதெல்லாம் சனிக்கிழமை யாரும் வருவதில்லை, வேலி அங்கங்கே சாய்ந்து கிடக்கிறது. தேடிக்கொண்டு ஆற்றோரமாகவே பாலம் வரை போனேன். பாலத்துக்கு நூறடி முன்னால், முள்புதருக்குப் பின்னே நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடிக்கப் புதருக்குள் நுழைந்தேன்.

அங்கே ஒரு குழாய் இருக்கிறது. நான் குனியாமல் உள்ளே நடந்து போகலாம், அத்தனை பெரிசு. வாயில் ஒரு இரும்புத் தட்டு தொங்குகிறது. அதற்குக் கீழே உள்ள புதர்களில் என்னென்ன மாட்டியிருக்கிறது தெரியுமா? ஈரத்துடைப்புத் தாள், காது குடையும் குச்சி, குழந்தைக்குக் கட்டும் டயப்பர், பெண்கள் மாதாமாதம் வைப்பது. என் தலை உயரத்துக்குக் கிளையில் தொங்குகின்றன. ஏப்ரலில் வெள்ளம் அந்த உயரத்துக்குத்தான் வந்தது. இருபத்திரண்டு வருடமாகச் சாணி அள்ளுகிறேன். எங்கள் மாடு எதுவும் இதுவரை டயப்பர் போட்டதில்லை.

குழாய் போகும் திசையில் மேட்டின்மேல் ஏறிப் பார்த்தேன். புதிய குடியிருப்பின் கழிவுநீரை ஏற்றி அனுப்புகிற பம்ப் நிலையம். மதில், பூட்டிய கேட், உள்ளே மோட்டார் சத்தம்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. வெள்ளத்து வாரத் திங்கட்கிழமை காலையில் நான் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தேன். மஞ்சள் மழைக்கோட்டில் நீ எங்கள் வயலடியில் இறங்கினாய். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாட்டிலை முக்கினாய். நான் "பார்த்து, பார்த்து" என்று கத்தினேன். மழையில் உனக்குக் கேட்கவில்லை. அது இரண்டாம் இடம். எங்கள் குழியைத் தாண்டி, அந்தக் குழாய்க்கு முன்னால்.

மன்றத்தில் மூன்றாம் இடத்தைப் படித்தாய், நான்காம் இடத்தைப் படித்தாய். இரண்டாம் இடத்துப் பாட்டில் எங்கே?

அண்ணி


அக்டோபர் 2

அண்ணி,

குழாயைப் பற்றி நீர்நிலையப் பொறியாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அது என் பிரிவு இல்லை.

அன்று இரண்டாம் இடத்தில் எடுத்த பாட்டில் வண்டியில் வரும்போது உடைந்துவிட்டது. அதனால் எண் இல்லை.

தயவுசெய்து இனி அலுவலக முகவரிக்கு எழுத வேண்டாம். வீட்டுக்கு எழுதுங்கள். உறையைப் பிரித்து வைக்கிறார்கள்.


அக்டோபர் 5

உன் பாட்டில்கள் பிளாஸ்டிக்.

பழசானதும் நீதான் பை பையாகக் கொண்டுவந்து கொடுப்பாய். கன்றுக்கு மருந்து அதில்தான் ஊட்டுகிறேன். நேற்று உன் கடிதம் வந்த பிறகு ஒன்றை எடுத்துச் சினைப்பசுவின் காலடியில் போட்டேன். மிதித்தது. நசுங்கியது. உடையவில்லை.

பொய் சொல்லத் தெரியாதவளுக்கு இந்த வேலை எதற்கு?

உன் அண்ணன் நேற்றுக் கரைக்குழுவின் தலைவர் பதவியை விட்டார். கீரைத் தோட்டக்காரரும் இன்னும் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, "நீங்க போனா நாங்களும் போறோம். நாங்க நிலத்தை விட்டுக் குடுக்கிறது, அவங்க நம்மளக் கொலைகாரன்னு எழுதுறது, என்னங்க நியாயம் இது?" என்று கேட்டார்கள். இவர் அவர்களுக்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "தப்பு என்மேல. உங்கமேல யாரும் எழுதலையே. வேலியப் பிரிக்காதீங்க."

குழாயைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார். உன் கையெழுத்து இல்லாத எதையும் அவர் நம்பமாட்டார். அந்த அளவுக்கு உன்னைத் தெரிந்து வைத்திருக்கிறார், பாவம்.


அக்டோபர் 19

அண்ணி,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்தாயிற்று.

இதோடு இணைத்திருக்கும் தாள் ஏப்ரல் வெள்ளத்து வாரத்தின் அசல் பதிவின் நகல். கீழே உள்ளது என் கையெழுத்துதான். முதல் இடம் தொண்ணூறு. இரண்டாம் இடம் நூற்றுப்பத்து. மூன்றாம் இடம் இரண்டாயிரத்து நானூறு.

எல்லாப் பண்ணைகளையும் தாண்டி, அண்ணனின் குழியையும் தாண்டி வந்த தண்ணீரில் கூடியது இருபது. அத்தனை பெரிய வெள்ளத்தில் இருபது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதில் பாதி வெள்ளத்துக்கே அங்கே தொள்ளாயிரம் வரும். கரைக்குழு செய்தது அந்தத் தாளில் இருக்கிறது. இதைவிட நல்ல எண்ணை நான் அந்த ஆற்றில் எடுத்ததில்லை. அதைத்தான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமையே பம்ப் நிலையத்தில் தண்ணீர் புகுந்து இரண்டு மோட்டாரும் நின்றுவிட்டன. மூன்று நாள் முந்நூறு வீட்டுக் கழிவும் அந்தக் குழாய் வழியாக ஆற்றுக்குப் போயிற்று. திங்கட்கிழமை பாட்டில் எடுக்கும்போது எனக்கு இது தெரியாது. செவ்வாய்க்கிழமை எண்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு பொறியாளர் அறைக்கு ஓடினேன்.

"சார், ரெண்டாவது இடத்துக்கும் மூணாவது இடத்துக்கும் நடுவுல பண்ணையே கிடையாது. நம்ம குழாய்தான் இருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீங்க எந்தக் குடியிருப்புல இருக்கீங்க?"

அண்ணி, நான் அங்கேதான் குடியிருக்கிறேன். மறந்துவிட்டீர்களா? மூன்றாவது தெரு. அந்தப் புதரில் தொங்குவதில் என் வீட்டுடையதும் இருக்கும்.

"நாளைக்கே முந்நூறு வீட்டுக் கழிவறையையும் மூடச் சொல்லுவீங்களா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஏதோ பண்ணையில குழி விரிசல் விட்டிருக்குன்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

ஆமாம், சொல்லியிருந்தேன். வேறு பேச்சுக்கிடையில், அலுவலகத்தில் யாரோ அண்ணனை நல்லவர் என்று சொன்னபோது, "நல்லவர்தான், ஆனா அவர் குழியே விரிசல் விட்டிருக்கு, சொன்னா கேக்கமாட்டார்" என்று சொல்லிச் சிரித்தேன். தங்கைகள் அப்படித்தானே பேசுவார்கள். அதைப் பொறியாளர் எடுத்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை குழந்தை இறந்த செய்தி வந்தது. திங்கட்கிழமை பொறியாளர் எழுதிய அறிக்கை தயாராக என் மேசைமேல் இருந்தது. "நாலு எண்ணையும் படிச்சா ஜனங்களுக்குக் குழப்பம். முக்கியமானதைப் படிங்க போதும்" என்றார். படித்தேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் படித்தேன் என்று எழுதினால் உங்களுக்குப் புரியும், எனக்கும் சுலபம். ஆனால் அது பாதிதான். ஆறு கலங்கி வரும் நாளில் குளோரின் அளவைக் கூட்டச் சொல்லிக் குறிப்பு எழுத வேண்டியவள் நான். அன்று நனைந்துபோய் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைதான் எழுதினேன். அதற்குள் ஒரு நாள் தண்ணீர் வீடுகளுக்குப் போய்விட்டது. யாரும் இதுவரை என்னை இதைக் கேட்கவில்லை. விரிசல் என்று ஒன்று கையில் கிடைத்தபோது, அண்ணி, எனக்கு மூச்சு வந்தது. அண்ணன் தாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே நான் உடைத்ததற்கு அவர்தான் அடி வாங்குவார்.

இந்தத் தாளை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.


அக்டோபர் 30

தாளை அவரிடம் கொடுத்தேன். தொழுவத்தில் தண்ணீர்த்தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். தாளை மட்டும்தான் கொடுத்தேன், கடிதத்தைக் கொடுக்கவில்லை. குளோரின் விஷயம் உன் வாயால் வரட்டும்.

நின்றுகொண்டே படித்தார். பிறகு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தக் குழந்தை என்னால போகலையா?"

"இல்ல."

"இது அவ கையெழுத்துதான்."

"ஆமா."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான் போய் நிறுத்தினேன். அழுவார் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விரலை அந்தத் தாளில் வைத்துக்கொண்டு, "இந்த இருபது?" என்று கேட்டார்.

"என்ன இருபது?"

"தொண்ணூறுக்கும் நூத்திப்பத்துக்கும் நடுவுல இருபது இருக்கே. அது நம்ம குழிதானே?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தொட்டியில் கிடந்த பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். ஊரே முந்நூறு வீட்டு மலத்தை ஆற்றில் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது, இந்த மனுஷன் தன் இருபதைத் தேடுகிறார்! அவர் எழுந்து போய் பிரஷ்ஷை எடுத்து வந்து மறுபடி தொட்டியைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டேதான் சொன்னார்.

"அவளே படிக்கட்டும். அதே மேடையில. வேற யாரும் படிக்கக் கூடாது."

கேட்டுக்கொள், இது கெஞ்சல் இல்லை. நவம்பர் பன்னிரண்டில் நகர மன்றக் கூட்டம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. நீ படிக்காவிட்டால் பதின்மூன்றாம் தேதி கீரைத் தோட்டக்காரர் இதை நகல் எடுத்து நகரத்தின் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவார். பசை காய்ச்சத் தயாராக இருக்கிறார்.


நவம்பர் 21

அண்ணி,

படித்துவிட்டேன். கீரைத் தோட்டக்காரர் பின்வரிசையில் இருந்ததைப் பார்த்தேன், அவர் சொல்லியிருப்பார். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பொதுமக்கள் கேள்வி நேரத்தில் வரிசையில் நின்று மைக்கை வாங்கினேன். ஊழியர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் நின்றேன். நான்கு எண்ணையும் படித்தேன். குழாயைச் சொன்னேன். குளோரின் குறிப்பை ஒரு நாள் தாமதமாக எழுதியதையும் சொன்னேன். பொறியாளர் முன்வரிசையிலிருந்து, "உடம்பு சரியில்லாதவங்க, உட்கார வைங்க" என்றார். யாரும் வந்து என்னை உட்கார வைக்கவில்லை.

அன்று உங்கள் பக்கம் திரும்பிய அந்தத் தலைகள் இந்த முறை எங்கே திரும்புவது என்று தெரியாமல் குனிந்தன. என் தெருக்காரப் பெண் ஒருத்தி எழுந்து, "நம்ம வீட்டு அழுக்கை நீங்களே மேடை ஏத்தணுமா?" என்று கேட்டாள். அண்ணனின் பால் வண்டி எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்று அப்போது மிகவும் சத்தம் போட்டவள் அவள்தான்.

ஓட்டுநர் வந்திருந்தார். கதவோரம் நின்றிருந்தார். குளோரின் என்று சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். நான் முடிப்பதற்குள் போய்விட்டார்.

என்னைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பொறியாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல். பம்ப் நிலையத்துக்கு மூன்றாவது மோட்டார் வைப்பதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வெள்ளம் வருவதற்குள் வைப்பார்களா என்று தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து துரத்தினால்தான் வைப்பார்கள்.

தெருவில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. காய்கறிக் கடையில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் வேறு வரிசைக்குப் போகிறார்கள். அண்ணனுக்கு ஏழு மாதம் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவரைப் பார்க்க வேண்டும் அண்ணி. எதையும் கேட்கமாட்டேன். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.

சீசா


ஜனவரி 16

சீசாவுக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உண்மையைச் சொல்ல நீ ஆறு மாதம் எடுத்துக்கொண்டாய் அல்லவா?

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். உண்மை வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. பதினான்கு பண்ணையில் எட்டு பேர் வேலியைப் பிரித்துவிட்டார்கள். "அவங்க கழிவைக் கொட்டுவாங்க, நாம நிலத்தை விடணுமா?" என்கிறார்கள். தப்பு என்மேல் என்று இவர் சொன்னவரை வேலியைப் பிரிக்காமல் இருந்தார்கள். தப்பு இவர்மேல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிரித்தார்கள். கீரைத் தோட்டக்காரர்தான் முதலில் பிரித்தார். கரை மரங்களை வெட்டி அந்தப் பத்தடியிலும் கீரை விதைத்துவிட்டார். மாடுகள் பழையபடி ஆற்றில் நிற்கின்றன. உனக்குப் பதிலாக வந்திருக்கும் பரிசோதகர் போன மாத எண்ணைச் சொன்னாள். இரண்டாம் இடத்தில் எழுநூறு. அது முழுக்க எங்களுடையது.

ஆறு பேர் மிச்சம். நகரத்திலிருந்தும் சனிக்கிழமை ஒன்பது பத்துப் பேர் வருகிறார்கள். முன்பு போல் சிரிப்பும் சாப்பாட்டுக்கூடையும் இல்லை. கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள், போகிறார்கள். புதிதாக ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில். ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. நிரப்பும்போது பண்ணையாள் ஒருவர், நகரத்தாள் ஒருவர் நிற்க வேண்டும். எண்ணைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பம்ப் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் நம்பாதவர்கள் சேர்ந்து செய்கிற வேலை. நம்பி ஆரம்பித்ததற்கு வந்த கதி இது.

உன் அண்ணன் வேலியைப் பிரிக்கவில்லை. "ஊருக்காகவா இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழுறீங்க?" என்று கேட்டேன். "மாடு இறங்கினா தண்ணி கெடும். ஊர் நல்லதா கெட்டதான்னு தண்ணிக்குத் தெரியுமா?" என்றார். குழிக்குள் இறங்குவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்.

நீ கேட்டதை அவரிடம் கேட்டேன். நான்காம் நாள் கறவை முடித்துப் பாலை வடிகட்டும்போது சொன்னார்.

"வர வேண்டாம்னு எழுது."

"அவளை மன்னிக்கவே மாட்டீங்களா?"

"நேர்ல பார்த்தா மன்னிச்சிடுவேன். அதனாலதான் சொல்றேன், வர வேண்டாம்."

இதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

போன சனிக்கிழமை ஓட்டுநர் வந்தார். பேருந்துச் சீருடையோடே வந்தார், வேலை முடிந்து நேராக வந்திருப்பார் போலிருக்கிறது. உன் அண்ணன் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். இவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு நின்றார். ஓட்டுநர் அதை எடுத்து மிச்சக் குழியைத் தோண்டினார். ஐந்து கம்பம் நட்டார்கள். ஒருவர் பிடித்துக்கொண்டார், ஒருவர் மண்ணைத் தள்ளி மிதித்தார். நான் கொண்டுபோன தண்ணீரை இருவரும் ஒரே சொம்பில் குடித்தார்கள்.

கிளம்பும்போது என்னிடம் வந்தார். உன் வீட்டு எண்ணைக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்கும் யோக்கியதை நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. மூன்றாவது தெரு என்று சொல்லி, எண்ணையும் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து பயணச்சீட்டை எடுத்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

எந்த நாள் வருவார் என்று சொல்லவில்லை. வரும்போது வீட்டில் இரு.

அண்ணி